பொது வளாகத்துக்கு வழிகாட்டும் சுவர் வரைகலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வைட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, நாகவாரா பக்கமெல்லாம் ஒரே மதில் சுவருக்குள் பல நிறுவனங்கள், ஒரு பயிற்சிக் கல்லூரி, ஒரு கிளினிக், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேன்டீன் என்று வளாகங்கள் நிறைந்துவிட்டன. அங்கே வினைலில், அதாவது பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் தாளில், சுவரளவுக்கு அச்சடித்து ஒட்டும் வழிகாட்டி வேலையை எடுக்கும் தமிழ் டிசைனர்களும், வளாகத்தைப் பராமரிக்கும் ஃபெசிலிட்டி ஆட்களும், பிரிண்டிங் கடைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கடையில் பேசுவது அடி, அங்குலம், வரைவது மி.மீ. இங்கேயும் இரண்டும் கலந்துதான் வரும்.

சுவர்ல பெருசா ஒரு அம்பு, பக்கத்துல பெருசா பேரு. இதுல டிசைன் பண்ண என்ன இருக்கு?

அந்த அம்பை எங்கே வைப்பது என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. புதிதாக வருகிறவர் வளாகம் முழுக்கக் குழம்புவதில்லை. பாதை பிரியும் இடம், லிஃப்ட் கதவு திறந்து வெளியே கால் வைக்கும் இடம், பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து படியேறி வெளிச்சத்துக்கு வரும் இடம் என்று சில இடங்களில்தான் நின்று யோசிப்பார். அங்கே நிற்பவரின் பார்வை தானாகப் போய் விழும் சுவர் எதுவோ அதுதான் உங்கள் சுவர்.

ஃபெசிலிட்டி மேனேஜர் ஆசையாகக் காட்டும் காலிச் சுவர் பெரும்பாலும் அதுவாக இருக்காது. யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்பதால்தான் அது இத்தனை நாள் காலியாக இருந்திருக்கும். அங்கே ஓவியம் வேண்டுமானால் போடுங்கள், வழி சொல்லாதீர்கள்.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்? நேரா இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரைத் திறந்துடலாமா?

முதலில் பெயர்ப் பட்டியல். ஒரே கட்டடத்தை வாசல் பலகை ‘டவர் 2’ என்று சொல்லும், செக்யூரிட்டி ‘பி பிளாக்’ என்பார், கேப் டிரைவரின் மேப்பில் என்றோ காலி செய்துவிட்டுப் போன கம்பெனியின் பெயர் நிற்கும். லிஃப்டில் தரைத்தளம் ‘ஜி’, மீட்டிங் அழைப்பில் அதே தளம் ‘0’. இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு அழகாக வரைந்தாலும் வந்தவர் போனை எடுத்து யாரையாவது கூப்பிடத்தான் போகிறார். வாசல், கட்டடம், தளம், லிஃப்ட் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் என்று வளாக நிர்வாகமும் உள்ளே இருக்கும் கம்பெனிகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வரைவதைவிட இதற்கு அதிக நாள் பிடிக்கும் என்று வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, தளவரைபடத்தில் ஒவ்வொரு சைனுக்கும் ஒரு எண். ‘2-0-சு-07’ என்றால் டவர் 2, தரைத்தளம், சுவர், ஏழாவது. அதே எண்ணுக்கு எக்செல்லில் ஒரு வரி: கன்னட வாசகம், ஆங்கில வாசகம், அம்பின் திசை, அளவு, மெட்டீரியல், சுவரின் போட்டோ. ஒட்டுகிறவர்கள் எல்லோரும் போன பிறகு இரவில் வருவார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு விளக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். ரோலின் பின்பக்கம் எழுதிய எண்தான் இருக்கும்.

அளவு ஆர்க்கிடெக்ட் டிராயிங்லயே இருக்கே, அதை எடுத்துக்கலாமா?

கூடாது. பூச்சும் புட்டியும் டைலும் ஏறிய பிறகு சுவர் டிராயிங்கில் உள்ளபடி இருப்பதில்லை. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் லேசர் மீட்டரில் எடுங்கள். முக்கியமான எழுத்தும் அம்பும் சின்ன அளவுக்குள் அடங்க வேண்டும். பின்னணி நிறம் பெரிய அளவையும் தாண்டிச் சுற்றிலும் 50 மி.மீ. அதிகமாக இருக்க வேண்டும்.

ஸ்விட்ச்போர்டு, ஏசி கண்ட்ரோல், ஃபயர் அலாரம் பொத்தான், ஸ்கர்ட்டிங் (சுவரின் அடிப்பட்டை), கதவு திறந்தால் மறைக்கும் பகுதி எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு வரப்போகும் சோஃபா, பூந்தொட்டி, காபி மெஷின் பற்றியும் கேளுங்கள். தரையிலிருந்து மூன்றடி வரை எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு வாசகத்தை அதற்கு மேலே எழுதுவது நல்லது.

எழுத்து எவ்வளவு பெருசு வைக்கணும்?

ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். நடந்துகொண்டே நிதானமாகப் படிக்க 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். 25 அடிக்கு 1 அங்குலம் என்பது கடைசி எல்லை. நல்ல வெளிச்சமும் நல்ல கண்ணும் வேண்டும். 60 அடி நடைவழியின் கடைசிச் சுவரில் 6 அங்குல எழுத்து இருந்தால் உள்ளே நுழையும்போதே படித்துவிடலாம். இரண்டரை அங்குலம் என்றால் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர் பாதி தூரம் நடக்க வேண்டும்.

அதிகப் பெரிதும் தப்புதான். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆறடி அகல நடைவழியின் பக்கச் சுவரில் நான்கடி உயரத்துக்கு ‘கேன்டீன்’ என்று எழுதினால் பக்கத்தில் நடப்பவருக்கு ஒரு வளைவும் இரண்டு கோடும்தான் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் சுவரை எதிரே நின்று பார்க்கிறோம். நடைவழியில் அப்படிப் பின்னால் போய் நிற்க இடம் கிடையாது. பக்கச் சுவரில் சொல் வேண்டாம்: தொலைவிலிருந்து தெரியும் நிறப்பட்டையோ தள எண்ணோ பெரிதாக வைத்து, வாசகத்தைக் கண் மட்டத்தில், தரையிலிருந்து 1.4 முதல் 1.6 மீட்டருக்குள், இரண்டு மூன்று அங்குலத்தில் வையுங்கள். பெரிய சொல் எதிர்ச் சுவருக்கும் திறந்த முற்றத்துக்கும் உரியது.

கன்னடம் எவ்வளவு, இங்கிலீஷ் எவ்வளவு?

கர்நாடகத்தின் 2022-ஆம் ஆண்டு கன்னட மொழி வளர்ச்சிச் சட்டமும் 2024-இல் அதற்கு வந்த திருத்தமும் வணிக நிறுவனங்கள், மருத்துவமனைகள் முதலியவற்றின் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேல் பகுதியில் இருக்க வேண்டும் என்கின்றன. உள்ளே திசை காட்டும் சுவர் பெயர்ப்பலகை ஆகுமா ஆகாதா என்று வாதாடி நேரம் போக்க வேண்டாம். வாசல், கட்டடப் பெயர், ரிசப்ஷன், கடைகளின் பெயர் எல்லாவற்றிலும் கன்னடத்தை மேலே, 60 சதவீதப் பரப்பில் வையுங்கள். உள் நடைவழிகளிலும் அதே வரிசையைப் பின்பற்றினால் படிப்பவர் கண் பழகிவிடும்.

பரப்பளவு வேறு, படிக்கும் அளவு வேறு. கன்னடத்தின் அடிப்படை எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக வைத்தால் பார்வைக்கு இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் ஒத்தெழுத்து, அதாவது கூட்டெழுத்தில் இரண்டாவதாக வரும் மெய், கீழே தொங்கும். ‘ஸ்வாகத’ என்பதில் வகரமும் ‘க்யாண்டீன்’ என்பதில் யகரமும் அப்படித்தான். அதற்காக எழுத்தின் உயரத்தில் பாதியாவது கீழே காலியாக விடுங்கள். விடவில்லை என்றால் அடுத்த வரி ஆங்கிலத்தின் தலையில் போய் முட்டும்.

நம்ம ஆளுங்க இவ்வளவு பேர் இருக்காங்களே, தமிழ்லயும் போடலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் மூன்றாவது மொழி ஏறினால் மூன்றும் சிறுக்கும். பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’ ரயில்கூட 2017-இல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு இந்தியை எடுத்துவிட்டுக் கன்னடம், ஆங்கிலம் என்ற இரண்டோடு நிற்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும் சுவரில் இரண்டு மொழியும் ஒரு சித்திரக் குறியும் ஒரு எண்ணும் போதும். எண் எல்லோருக்கும் பொது.

தமிழுக்கு இடமே இல்லை என்று அர்த்தமில்லை. கிளினிக் கவுன்டர், துப்புரவுப் பணியாளர் அறை, லேபர் கேட் மாதிரி நின்று நிதானமாகப் படிக்கும் இடங்களில் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் சேர்ந்த ஒரு பலகை வைக்கலாம். அங்கே படிக்கும் தூரம் மூன்றடி, எழுத்து அரை அங்குலம் இருந்தால் போதும்.

கன்னடத்தை பேஸ்ட் பண்ணினா எழுத்து உடைஞ்சு வருது, ஒத்து தனியா நிக்குது. என்ன பண்றது?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வாடிக்கையாளர் நுடி, பரஹா போன்றவற்றின் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருப்பார். எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் மறுபடி வாங்குங்கள். இரண்டு, இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்துகளைக் கூட்டி அமைக்கும் இந்திய மொழிக் கம்போஸர் இயங்கவில்லை. ப்ரெஃபரன்ஸஸில் டைப் பகுதியில் இந்திய மொழி விருப்பத்தை இயக்கி, பேராகிராஃப் பேனலில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து கூடிவரும். தமிழுக்கும் இதே வைத்தியம்தான்.

எழுத்துருவுக்கு ஏக் டைப்பின் ‘அனேக்’ குடும்பம் வசதி: கன்னடம், தமிழ், லத்தீன் மூன்றும் ஒரே தடிமனில், ஒடுக்கமும் அகலமுமாகக் கிடைக்கின்றன, உரிமமும் திறந்தது. நோட்டோ சான்ஸும் பரவாயில்லை. எது எடுத்தாலும் கட்டத்துக்குள் நிரப்புவதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். எழுத்து இடைவெளியையும் கூட்டாதீர்கள், ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும். கடைக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள். பெரும்பாலான கடைகளில் கோரல்டிரா சாஃப்ட்வேரில்தான் திறப்பார்கள். உங்கள் எழுத்துரு அங்கே இருக்காது. கர்வ்ஸ் ஆன பிடிஎஃப்பைக் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர் எக்செல் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றும்போது எழுத்து உடைவது உண்டு என்பதால், முன்பு படித்தது கணக்கில் வராது.

ஒவ்வொரு டவருக்கும் ஒரு கலர் கொடுத்துட்டா ஈஸிதானே?

நான்கு வரைக்கும் ஈஸி. அதற்கு மேல் யாருக்கும் ஞாபகம் நிற்காது. நிறத்தைத் தனியாக நம்பவும் கூடாது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். நிறத்தோடு எண்ணும் கட்டாயம் சேர வேண்டும்.

சில நிறங்களுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. அவசர வழிக்குப் பச்சை மேல் வெள்ளை, தீயணைப்புச் சாதனத்துக்குச் சிவப்பு. இவற்றை டவருக்குக் கொடுத்தால் ஆபத்து நேரத்தில் ஆள் தப்பான பக்கம் ஓடுவார். பெங்களூருக்கே உரிய இன்னொன்று: மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து வளாகம் என்றால் ஊதா, பச்சை, மஞ்சள் மூன்றும் ரயில் தடங்களின் நிறங்கள். வைட்ஃபீல்டில் இறங்கி வருகிறவருக்குச் சுவரில் நீளமான ஊதாப் பட்டை தெரிந்தால் அது ஸ்டேஷனுக்குப் போகும் வழி என்றுதான் தோன்றும். உண்மையிலேயே ஸ்டேஷனுக்கு வழி காட்டவே அந்த நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும். போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து கரைந்தால் நிறத்தை மாற்றுங்கள். ஆரஞ்சு மேல் வெள்ளை திரையில் பளிச்சென்று இருக்கும், சுவரில் தோற்கும்.

மேல் நோக்கின அம்பு ‘நேரா போ’வா, ‘மாடிக்குப் போ’வா?

நேராகப் போ. மாடிக்குப் படிக்கட்டுக் குறியோ லிஃப்ட் குறியோ சேர்த்து, சாய்ந்த அம்பு. கீழ் நோக்கிய அம்பைக் கீழ்த்தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது அம்பு வாசகத்தின் இடது ஓரத்தில், வலது அம்பு வலது ஓரத்தில் நிற்க வேண்டும். ஒரே திசைக்குப் போகும் பெயர்கள் ஒன்றாக, ஒரே அம்பின் கீழ். ஒரு சுவரில் ஐந்து பெயருக்கு மேல் போனால் நடப்பவர் நின்றுதான் படிக்க வேண்டியிருக்கும், பின்னால் வருகிறவர் இடிப்பார். மிச்சத்தை அடுத்த பிரிவில் சொல்லுங்கள்.

ஒரே மேப்பை டிசைன் பண்ணி பத்து இடத்துல ஒட்டிடலாமா?

இதைச் செய்துவிட்டுத்தான் ‘மேப் இருந்தும் வழி கேட்கிறார்கள்’ என்று புலம்புகிறார்கள். சுவரில் நிற்கும் மேப்பில் மேல் பக்கம் என்பது பார்ப்பவருக்கு எதிரே இருக்கும் பக்கம். அவருக்கு வலப்புறம் கேன்டீன் இருந்தால் மேப்பிலும் வலப்புறம்தான் இருக்க வேண்டும். வடக்கு எந்தப் பக்கம் என்று லிஃப்டிலிருந்து இறங்கியவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. நான்கு திசைச் சுவருக்கு நான்கு மேப்: வரைபடத்தைச் சுழற்றுங்கள், எழுத்துகளை நிமிர்த்தி மறுபடி வையுங்கள். ‘நீங்கள் இங்கே’ என்ற புள்ளி ஒவ்வொன்றிலும் வேறு. எந்த மேப் எந்தச் சுவருக்கு என்பது எக்செல்லில் தனிப் பத்தியாக இருக்கட்டும்.

30 அடிச் சுவருக்கு ஃபைல் எப்படிக் கொடுக்கிறது? திறக்கவே மாட்டேங்குது.

பத்தில் ஒரு பங்கு அளவில் வரையுங்கள். 30 அடிக்கு 10 அடிச் சுவர் 9144 x 3048 மி.மீ.; கோப்பில் 914.4 x 304.8 மி.மீ. முழு அளவில் போனால் பழைய பிடிஎஃப் வரம்பான 200 அங்குலத்தை, அதாவது 16 அடி 8 அங்குலத்தை, எப்படியும் தாண்டிவிடும். கோப்பின் பெயரிலேயே ‘1-க்கு-10’ என்று எழுதுங்கள். கோப்புக்குள் 1 மீட்டர் அளவுகோல் ஒன்றை வரைந்து வையுங்கள். கடையில் அடிக்கு மாற்றும்போது தப்பு நடந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

எழுத்தும் அம்பும் வெக்டர், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம், என்பதால் கவலை இல்லை. போட்டோ இருந்தால்தான் கணக்கு: கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும் சுவருக்கு முழு அளவில் அங்குலத்துக்கு 100 பிக்சல், பத்தடிக்கு அப்பால் என்றால் 50 போதும். 100 வைத்தால் இந்தச் சுவருக்கு 36,000 x 12,000 பிக்சல்; சிஎம்ஒய்கேயில் (அச்சுக்கான நான்கு நிற முறை) சுருக்காமல் 1.7 ஜிபிக்கு மேல். ஃபோட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி 30,000 பிக்சலோடு நின்றுவிடும். 50 வைத்தால் அதில் நான்கில் ஒரு பங்கு. 300 கேட்கும் கடைக்காரர் விசிட்டிங் கார்டு பழக்கத்தில் கேட்கிறார்.

ஜாயின்ட் சரியா எழுத்து நடுவுல வருது. தவிர்க்க முடியாதா?

முடியும், வரையும்போதே பேனலை, அதாவது ரோல் அகலத்துக்குள் அடங்கும் துண்டுகளை, பிரித்தால். மேலே சொன்ன சுவருக்கே கணக்குப் பார்ப்போம். இரு பக்கமும் 50 மி.மீ. ப்ளீடு (முன்பு சொன்ன கூடுதல் ஓரம்) சேர்த்து 9244 மி.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறுவது 15 மி.மீ. ஐந்தடி ரோலில் அச்சாகும் அகலம் சுமார் 1500. ஆறு பேனல் போதாது, ஏழு வேண்டும். ஏழு என்று முடிவானால் சமமாகப் பிரித்தால் ஒன்று 1333 மி.மீ.தான். நாலரை அடி ரோலிலேயே அடங்கிவிடும், கழிவும் குறையும். கடைக்காரர் தானாக இதைச் சொல்ல மாட்டார். பேனல் கோடுகளை வரைபடத்தில் ஒரு லேயராக வைத்துக்கொண்டு, எழுத்துகளையும் முகங்களையும் கோட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒட்டுவதை ஜன்னல் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மேலேறும் விளிம்பு வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும், நிழல் விழாது.

ஒரே நீலம்தான், ஆனா ஒவ்வொரு பேனலும் வேற மாதிரி தெரியுதே?

ஒரே நாளில், ஒரே மெஷினில், ஒரே பேட்ச் வினைலில், ஒரே ரோலாக அச்சடிக்காததால். அப்படியே அடித்தாலும் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் சிறு வித்தியாசம் வரும். தட்டையான ஒரே நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். இரண்டு, நான்கு, ஆறாம் பேனல்களைத் தலைகீழாக அச்சடித்தால் இடது ஓரம் இடது ஓரத்தோடு சேரும், வித்தியாசம் மறையும். நிறத்தை ஒப்புக்கொள்வதும் திரையில் வேண்டாம்: அதே வினைலில், அதே லேமினேஷனோடு (அச்சின் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம்) ஒரு அடிக்கு ஒரு அடி அடித்து, அந்தச் சுவரில் மாட்டி, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மேட் லேமினேஷனே எடுங்கள். க்ளாஸியில் டியூப்லைட் தெரியும்.

ஒட்டின மூணாவது வாரமே ஓரம் கிளம்புது. வினைல் மோசமா?

வினைலைத் திட்டுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். கிளம்பிய துண்டின் பின்பக்கம் பெயின்ட்டோ வெள்ளைத் தூளோ ஒட்டிக்கொண்டு வந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, சுவர்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது. நம் கட்டடங்களில் பெயின்ட்டுக்கு அடியில் புட்டி இருக்கும். ப்ரைமர் இல்லாமல் அடித்த எமல்ஷன் புட்டியோடு சேர்ந்து உரிந்துவரும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பின்பக்கம் சுத்தமாக வந்தால் வேறு கதை: கறை பிடிக்காத, துடைத்தால் போகும் வகைப் பெயின்ட்டாக இருக்கலாம். அழுக்கை ஒட்டவிடாதது வினைலையும் ஒட்டவிடாது. இல்லை, பெயின்ட் காயாமலே ஒட்டியிருக்கலாம். தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும், உள்ளே ஆவி வந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரம் விட வேண்டும். திறப்பு விழாத் தேதி குறித்துவிட்ட வாடிக்கையாளருக்கு இது பிடிக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஏசிபி ஷீட்டில் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உள்ளீடு வைத்த பலகை) ஒட்டி, அதைச் சுவரில் திருகுவதே புத்திசாலித்தனம். வெளியேறும் வழியில் என்றால் தீயைத் தாங்கும் உள்ளீடு கொண்ட ஷீட்டைக் கேளுங்கள்.

சோதனை சுலபம். அச்சடிக்கப்போகும் அதே வினைலில் ஓரங்குல அகலம், ஆறங்குல நீளத்தில் துண்டுகள் வெட்டி, சுவரின் ஐந்தாறு இடத்தில் ஒட்டி, 24 மணி நேரம் கழித்து இழுத்துப் பாருங்கள். வெளிச்சுவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு: இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம். ஜூன் முதல் அக்டோபர் வரை இது அடிக்கடி நடக்கும்.

கடையின் தவறு ஒன்றும் உண்டு. எக்கோ சால்வென்ட் மையில் (கரைப்பான் கலந்த மை) அடித்ததும் லேமினேட் செய்தால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு பசையை இளக்கும், ஓரம் சுருளும். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம், ரோலைத் தளர்த்தி நிறுத்திக் காயவிட வேண்டும். மெஷினிலேயே சூட்டில் காய்ந்துவிடும் லேடெக்ஸ் மைக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அவசர வேலை என்றால் அந்த மெஷின் உள்ள கடையைத் தேடுங்கள்.

எந்த வினைல், சன்போர்டு, ஃப்ளெக்ஸ்? எது எங்கே?

வழவழப்பான உள்சுவரில் ஓரிரு வருடத்துக்கு மோனோமெரிக், அதாவது சாதா வகை வினைல், போதும். நாளாக நாளாகச் சுருங்கும், ஓரத்தில் பசைக்கோடு தெரியும். அதற்கு மேல் நிற்க வேண்டும் என்றால் குறைவாகச் சுருங்கும் பாலிமெரிக் வகை. செங்கல், சொரசொரப்பான கான்கிரீட், உருண்டைத் தூண் இவற்றுக்கு மேடுபள்ளத்திலும் வளைவிலும் படியும் மெல்லிய காஸ்ட் வினைல்தான். ஹீட் கன்னும் ஸ்பாஞ்ச் ரோலரும் இல்லாமல் ஒட்ட வரும் ஆளைத் திருப்பி அனுப்புங்கள். சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் அட்டை) உள்ளே சின்னப் பலகைக்கு மட்டும், வெயிலில் வளையும், மஞ்சளாகும். ஃப்ளெக்ஸ் வேண்டாம்: கர்நாடகம் 2016-லேயே பிளாஸ்டிக் தடையில் அதையும் சேர்த்துவிட்டது.

கண்ணாடி மேல ஒட்டணும். வேற என்ன கவனிக்கணும்?

வெளியே நிற்பவர் படிக்க உள்பக்கம் ஒட்டினால் கண்ணாடிப் பிம்பமாக அச்சடித்து, பின்னால் வெள்ளை மை ஒரு அடுக்கு கொடுக்க வேண்டும்; வெள்ளை இல்லாமல் போனால் நிறம் வெளிறிப்போகும். வெயில் நேராக விழும் கண்ணாடியில் பாதியை மட்டும் அடர் நிறத்தால் மூடாதீர்கள். ஒரு பகுதி மட்டும் சூடேறிச் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடலாம்.

தரையில அம்பு போட்டா கவனிப்பாங்களா?

கூட்டமில்லாத நேரத்தில் கவனிப்பார்கள். மதியம் ஒரு மணிக்குக் கேன்டீன் வழியில் தரையே தெரியாது. அதனால் தரை அம்பு சுவர் சொல்வதை உறுதிப்படுத்தலாம், தனியாக வழி சொல்லக்கூடாது. வழுக்காத லேமினேஷன் கட்டாயம். பாலிஷ் கிரானைட்டில் மழை நாளில் சாதா லேமினேஷன் ஆளைச் சறுக்கிவிடும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் தரை கழுவும் மெஷினின் பிரஷ் கூர்மூலையில் மாட்டி உரித்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

சுவர் முழுக்க வந்துட்டா பார்வையற்றவங்களுக்கும் சேர்த்துச் செஞ்ச மாதிரிதானே?

இல்லை. எவ்வளவு பெரிதானாலும் அச்சு அச்சுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் 2021-இல் புதுப்பிக்கப்பட்டன. கழிப்பறை, லிஃப்ட், அறைக் கதவுகளுக்குப் பக்கத்தில், கைப்பிடிப் பக்கச் சுவரில், கை எட்டும் உயரத்தில் புடைப்பெழுத்தும் பிரெய்லும் கொண்ட தனிப் பலகை வேண்டும். அதைச் சுற்றி உங்கள் வரைகலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தீயணைப்புப் பெட்டி, அலாரம் பொத்தான் மேல் எதுவும் ஏறக்கூடாது, ‘அழகா மறைச்சிடலாம்’ என்று யார் சொன்னாலும்.

ஸ்கொயர் ஃபீட்டுக்கு ஒரு கடை ஒண்ணு சொல்றான், இன்னொண்ணு பாதி விலை சொல்றான். எப்படி ஒப்பிடறது?

இருவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். கொட்டேஷனில் இவை தனித்தனியாக வரட்டும்: வினைலின் பிராண்டும் வகையும், லேமினேஷன், மை, ஒட்டும் கூலி, இரவு வேலைக் கூலி, சாரம், பழையதை உரிப்பது, கழிவு யார் கணக்கில். ஒட்டிய பரப்புக்குக் காசா, அச்சடித்த பரப்புக்கா என்று கேளுங்கள். ப்ளீடும் மேலேறும் பகுதியும் சேர்ந்தால் வித்தியாசம் தெரியும். சாரம் வேண்டிய உயரத்தில் ஒட்டும் கூலியே அச்சுக் கூலியைத் தாண்டலாம்.

பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி சரியா வேலை செய்யுமான்னு எப்படிப் பார்க்கிறது?

ஏ3 தாள்களில் அம்பும் பெயரும் அடித்து, எண் போட்ட அதே இடங்களில் டேப்பால் ஒட்டுங்கள். வளாகத்தைப் பார்த்தே இராத சிலரைக் கூட்டிவந்து, ‘வாசல் 1-இலிருந்து டவர் 3, ஐந்தாவது தளம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பின்னால் பேசாமல் நடங்கள். எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் பார்க்கிறார், எங்கே செக்யூரிட்டியைக் கேட்கிறார் என்று தளவரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று புள்ளி விழுந்தால் அங்கே சைன் இல்லை, அல்லது தப்பான சுவரில் இருக்கிறது.

ரெண்டு மாசத்துல ஒரு கம்பெனி காலி பண்ணுதாம். மறுபடி சுவர் முழுக்கவா?

கம்பெனிப் பெயரைப் பெரிய சுவரில் எழுதியிருந்தால், ஆமாம். அதனால்தான் சுவரில் டவர், தளம், கேன்டீன், பார்க்கிங், கழிப்பறை என்று மாறாதவற்றை மட்டும் எழுதச் சொல்கிறோம். கம்பெனிப் பெயர்கள் லிஃப்ட் லாபியில் ஒரு டைரக்டரிப் பலகையில், ஒவ்வொன்றும் தனிப் பட்டையாகக் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். ‘எங்க லோகோ சுவர்ல வரணும்’ என்று பெரிய கம்பெனி ஒன்று அடம்பிடிக்கும். அவர்கள் வாடகைக்கு எடுத்த தளத்தின் உள்சுவரைக் காட்டுங்கள்.

நைட் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. காலைல பார்த்தா அம்பு எதிர்ப்பக்கம் காட்டுது. முழுசும் உரிக்கணுமா?

நடைவழியின் எதிரெதிர்ச் சுவர்களுக்கு ஒரே வாசகம் இருக்கும்போது இது நடக்கும். வாசகம் ஒன்று, அம்பு எதிரெதிர். ரோல்கள் மாறிப்போனால் இரண்டு சுவருமே தப்பு. உரிய பேனலை மட்டும் மாற்றினால் போதும், ஜாயின்டுக்கு ஜாயின்ட். அம்பின் மேல் அதே நிறத்தில் சின்ன ஒட்டுப்போடாதீர்கள், விளிம்பு தெரியும். ஹீட் கன்னால் இளஞ்சூடாக்கி, சுவரோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக உரித்தால் பெயின்ட் பிழைக்கும்; நேராக வெளியே இழுத்தால் புட்டியோடு வரும்.

புதுப் பேனல் நிறம் ஒத்துப்போக, முதலிலேயே அதே பேட்ச் வினைலில் கொஞ்ச மீட்டரும், அச்சடித்த நாளின் கலர் ப்ரொஃபைலும் (மெஷினின் நிற அமைப்புக் கோப்பு), அச்சு மாதிரித் துண்டு ஒன்றும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மிச்ச ரோலைப் படுக்கப் போடாமல் நிறுத்தி, வெயில் படாத அறையில், சைன் எண்ணையும் தேதியையும் மேலே எழுதி வைக்க வேண்டும்.